வலை ஆற்றை, காசு ஆற்றை, பங்கு ஆருக்கு?

இது நடந்து இரண்டு வருஷமாகப் போகுது. தவக்காலம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். ஊர்காவற்றுறைக்குக் கிட்ட, எங்கட ஊர் மாதா கோயில் மண்டபத்தில, ஊர்ச்சனம் முழுக்கப் பாத்துக்கொண்டிருக்க, என்ர சொந்தப் பெரியப்பா என்னை எழுப்பி நிப்பாட்டி மூண்டு கேள்வி கேட்டார். எங்கட ஊரில வலை கட்டுற ஆம்பிளையளைக் கேக்கிற கேள்வியள் அது. பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிற என்னை ஏன் கேக்கவேண்டி வந்தது தெரியுமோ? எங்கையோ ஒரு வெளிநாட்டு ஆய்விதழில, எனக்குச் சொல்லாமல் கொள்ளாமல், என்ர பேரைப் போட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. அதால. கோபம் ஆறின பிறகு சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ. ஆறேல்லை. இப்பவும் நினைச்சால் பத்தி எரியுது.

முதல் எங்கட ஊர்ப் பழக்கத்தைச் சொல்லவேணும், இல்லாட்டி மிச்சக் கதை விளங்காது.

எங்கட ஆக்கள் பரவைக்கடல்த் தொழில் செய்யிறவை. பரவைக்கடல் எண்டால் ஆழமில்லாத கடல். இடுப்பளவு தண்ணியில தடி நட்டு வலையைக் கட்டிவிட்டால், தண்ணி வத்தேக்க இறாலும் நண்டும் ஓரா மீனும் வலைக்குள்ள அகப்படும். வலை கட்டுற ஒவ்வொரு இடத்தையும் பாடு எண்டுவம். எல்லாப் பாடும் ஒரே மாதிரி இல்லை. ஒண்டில மீன் அள்ளுப்படும், மற்றதில சாதாழை எண்ட கடல்ப்புல்லுத்தான் மிஞ்சும். அடிபிடி வரக்கூடாது எண்டதுக்காக வருஷத்துக்கு ஒருக்கா, கோயில் திருநாள் முடிஞ்ச கையோட, மண்டபத்தில சீட்டுக் குலுக்குவினம். ஆருக்கு எந்தப் பாடு விழுதோ அந்த வருஷம் அது அவற்றை சொந்தம். மற்ற ஆக்கள் அந்தப் பக்கம் வலையோட தலைகாட்டாயினம். அடுத்த வருஷம் திரும்பக் குலுக்கல், திரும்ப அதிர்ஷ்டம்.

சீட்டு இழுக்க முதல் ஒவ்வொருத்தரும் எழும்பி நிக்கவேணும். எங்கட கடற்றொழில்ச் சங்கத் தலைவர் கேப்பார்: வலை ஆற்றை? காசு ஆற்றை? பங்கு ஆருக்கு? வலை சொந்தமோ இரவலோ, காசு போட்டது ஆர், பிடிபடுறதில ஆராருக்குப் பங்கு எண்டு சனத்துக்கு முன்னால வாயைத் திறந்து சொல்லவேணும். கனடாவில இருக்கிற மச்சான் காசு போட்டவர் எண்டால், "மச்சான்ர காசு" எண்டால் சரி, ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம். ஆனால் மறைச்சுப் பிடிபட்டால் அந்த வருஷம் சீட்டு இல்லை. ஒருக்கா ஒருத்தர் வெளியூர் மீன் முதலாளியின்ர காசில வலை வாங்கிப்போட்டுத் தன்ர எண்டு சொல்லிச் சீட்டு இழுத்தவர். பிறகு விசயம் வெளியில வந்து, மனுசன் கெஞ்சின கெஞ்சு! சங்கத் தலைவர் என்ர பெரியப்பாதான். அசையேல்லை. காசு வாங்கினது பிழையில்லை, மறைச்சதுதான் பிழை எண்டு சொல்லி அலுவலை முடிச்சுப்போட்டார்.

நான் சின்னனில இருந்தே கேட்டு வளந்த கேள்வியள் இது. எங்களுக்கு அது செபம் சொல்லுறது மாதிரி.

சரி, இப்ப என்ர பேரைப் போட்டு எழுதின அந்தச் சேரின்ர கதைக்கு வாறன். அவர் தூரத்துப் பல்கலைக்கழகம் ஒண்டில பேராசிரியர். என்னோட கம்பஸில படிச்ச ஒருத்தி என்ர நம்பரைக் குடுத்துவிட்டிருக்கிறா. அந்தத் தவக்காலத்துக்கு முந்தின ஆவணி விடுமுறையில வந்தார். எங்கட பரவைக்கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறாராம், வீடு வீடாப் போய்க் கேள்வி கேக்க ஊர்ப்பிள்ளை ஒராள் வேணுமாம். "உம்மட முகத்துக்குத்தான் அவை வாய் திறப்பினம்" எண்டார். எனக்குச் சந்தோசத்தில புழுகம் எண்டால் புழுகம். எங்கட கடலைப் பற்றி ஆர் இவ்வளவு நாளும் எழுதினவை? ஒரு பேராசிரியர் கார் பிடிச்சு, கல்லும் குழியுமான றோட்டால எங்கட ஊருக்கு வாறார் எண்டால் சும்மாவே?

அவரோட இன்னொருத்தரும் வந்தார். தொப்பி போட்டவர், அதிகம் கதைக்கமாட்டார், எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. இவர் எங்கட ஆள், படம் எடுக்க வந்தவர் எண்டு சேர் அறிமுகப்படுத்தினார். நாங்களும் ஓம் எண்டு விட்டிட்டம். அம்மா அலுமாரிக்குள்ள இருந்த பூப்போட்ட கோப்பையள் எல்லாத்தையும் வெளியில எடுத்தா. குழல்ப்புட்டும் நண்டுக்கறியும். அந்தத் தொப்பிக்காரர் நண்டுக்காலைக் கடிச்சு உறிஞ்சிக்கொண்டு, கோயிலுக்கு முன்னால கடல் எவ்வளவு ஆழம், சாதாழை எந்தப் பக்கம் கூட, மாரியில நீரோட்டம் எப்பிடி எண்டு விடுத்து விடுத்துக் கேட்டார். நான் விசரி, ஒண்டும் விடாமல் சொன்னன். எங்கட கடலைப் பற்றி ஒரு மனுசன் ஆசையாக் கேக்கிறார் எண்டு எனக்குச் சந்தோசம்.

பிறகு பின்னேரங்களில கேள்வித்தாளோட வீடு வீடாப் போனன். பெரும்பாலும் கோயிலுக்கு நேர முன்னால இருக்கிற கடல்த் துண்டைப் பற்றித்தான் கேள்வி. அதில ஒரு கேள்வி: இந்த இடத்தில நீங்கள் இப்ப தொழில் செய்யிறீங்களோ? போன வீட்டில அனேகமா எல்லாத்திலயும் ஒரே பதில், இல்லை. இன்னொரு வீட்டையும் இல்லை. எனக்குச் சுருக்கெண்டது.

ஏன் எண்டு உங்களுக்கு இப்ப விளங்கும். எங்கட ஆக்கள் பொய் சொல்லத் தெரியாதவை. அந்த வருஷம் அந்தப் பாடுகள் ஒரு சிலருக்குத்தான் விழுந்திருந்தது. மற்ற எல்லாரும் நெஞ்சில கைவைச்சு, "இல்லைப் பிள்ளை, இந்த வருஷம் அது எங்கட இல்லை" எண்டுதான் சொல்லுவினம். போன வருஷம் அங்கதான் பிடிச்சவை. வாற வருஷம் அங்க விழாதோ எண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துறவை. ஆனால் கேள்வித்தாளில இருக்கிற பெட்டிக்குள்ள அது "இல்லை" எண்டுதான் விழும். ஊரிலயே நல்ல கடல் அது. கடதாசியில பாத்தால் ஒருத்தருக்கும் தேவையில்லாத வெறுங்கடல்!

நான் அண்டைக்கே சேரிட்டச் சொன்னன். சீட்டுக் குலுக்குற முறையை முழுக்க விளங்கப்படுத்தினன். கேள்வியை மாத்தவேணும், இல்லாட்டி இந்த விளக்கத்தைக் கட்டாயம் போடவேணும் எண்டன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மிச்சம் முக்கியமான விசயம், கட்டாயம் போடுவம் எண்டார். நான் நம்பினன். ஏன் நம்பமாட்டன்? பேராசிரியர் எல்லே?

அவை போகேக்க அம்மா ஒரு போத்தலில நண்டுக்கறித் தூளும் கட்டிக் குடுத்துவிட்டவ. அந்தத் தூளை நினைச்சாலும் எனக்கு இப்ப வயிறு எரியும்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் ரெண்டு தரம் சேருக்குச் செய்தி போட்டன், பதில் இல்லை. பெரிய ஆக்கள், வேலை இருக்கும் எண்டு விட்டிட்டன்.

தவக்காலத்தில ஊருக்கு அறிவிப்பு வந்தது. ஒரு கம்பனி எங்கட கோயிலுக்கு முன்னால இருக்கிற கடலில வேலி போட்டு, கடலட்டை வளக்கப் போகுதாம். அதுக்கு அனுமதி குடுக்க முதல் ஊராக்களின்ர கருத்தைக் கேக்கவேணுமாம். மண்டபம் நிரம்பி வழியுது. மேடையில பிரதேச செயலகக் கந்தோர் அதிகாரிமார் இருக்கினம். அவைக்குப் பக்கத்தில ஒருத்தர், கழுத்தில கம்பனி அட்டை, அயன் பண்ணின சேட்டு. நான் அவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன், எங்கையோ கண்ட முகம், பிடிபடுதில்லை. அம்மா என்ர தொடையில ஒரு கிள்ளுக் கிள்ளினா. "எடியே, உவன் எங்கட வீட்டை நண்டு திண்டவனெல்லே?"

அவன்தான். தொப்பியைத்தான் காணேல்லை.

அவர் எழும்பி, சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சார். நாங்கள் சும்மா வரேல்லை, விஞ்ஞான முறைப்படி ஆராய்ஞ்சுதான் வந்தனாங்கள் எண்டார். சர்வதேச ஆய்விதழில கட்டுரை வந்திருக்கு எண்டு ஒரு கட்டுக் கடதாசியைத் தூக்கிக் காட்டினார். இந்தக் கடல்த் துண்டில அனேகமா ஒருத்தரும் தொழில் செய்யிறேல்லை, அதை உங்கட வாயாலயே நீங்கள்தான் சொன்னனீங்கள் எண்டார். சனம் ஒண்டையொண்டு பாக்குது. பிறகு, இதை எழுதினவையில ஒராள் உங்கட ஊர்ப்பிள்ளை எண்டு என்ர பேரை வாசிச்சார். முழுப்பேரையும்.

நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லம் எண்டு இருந்தது. முன் வரிசையில இருந்த பெரியப்பா மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தார். அந்த மனுசன் என்னைத் தோளில தூக்கித் திருநாள் பாக்கக் கொண்டுபோனவர். எழும்பு பிள்ளை எண்டார். எழும்பினன்.

"வலை ஆற்றை?"

எனக்கு முதல் விளங்கேல்லை. பிறகுதான் விளங்கிச்சுது, அவர் அந்தக் கட்டுரையைக் கேக்கிறார். சேரின்ர எண்டன்.

"காசு ஆற்றை?"

பல்கலைக்கழகத்தின்ர எண்டு நினைச்சனான் எண்டன். நினைச்சனியோ, தெரியுமோ எண்டு கேட்டார். தெரியாது எண்டன்.

"பங்கு ஆருக்கு?"

எனக்கு இல்லைப் பெரியப்பா எண்டன். பேர் கிடக்குதே எண்டார். அவ்வளவுதான் சொன்னார். எங்கட ஊரில சீட்டில பேர் இருந்தால் பங்கு இருக்கெண்டுதான் அர்த்தம். அதை அவர் விளக்கவும் தேவையில்லை. இரு எண்டார்.

நான் இருக்கேல்லை. எனக்கு வந்த கோபத்தில கண்ணீர்தான் முதல் வந்துது, பேந்துதான் வாய் வந்துது. மேடையைப் பாத்து, என்னைக் கேட்டாச்செல்லே, இப்ப அவரைக் கேளுங்கோ, அந்த ஆராய்ச்சிக்குக் காசு ஆற்றை எண்டு அவரைச் சொல்லச் சொல்லுங்கோ எண்டு கத்தினன். அவர் சிரிச்சார். அதே சிரிப்பு. ஒரு அதிகாரி ஒலிவாங்கியை எடுத்து, தங்கச்சி, இது அதுக்கான இடமில்லை, அமைதியா இருங்கோ எண்டார். அதுக்கான இடமில்லையாம்! வருஷா வருஷம் அந்தக் கேள்வியைக் கேக்கிற மண்டபத்துக்குள்ள நிண்டுகொண்டு சொல்லுறார்.

வீட்டை வந்து சேருக்குப் போன் எடுத்தன். அண்டைக்கு உடனை எடுத்தார். நான் கத்த, அவர் பொறுமையா, சின்னப்பிள்ளைக்குச் சொல்லுறது மாதிரிச் சொல்லுறார். உமக்கு நல்லதுதானே செய்திருக்கிறன், உம்மட பேரில ஒரு வெளியீடு வந்திருக்கு, எத்தினை பேர் இதுக்குக் கெஞ்சுகினம் தெரியுமோ எண்டார். கம்பனி காசைப் பற்றிக் கேட்டன். அது பல்கலைக்கழகத்துக்கூடாக வந்த காசு, நேர வரேல்லை எண்டார். தொப்பிக்காரரைப் பற்றிக் கேட்டன். அவர் கட்டுரை எழுதேல்லையே எண்டார். சீட்டு முறையை ஏன் போடேல்லை எண்டு கேட்டன். கட்டுரைக்கு இத்தினை சொல்லுத்தான் எண்ட சொல்லெல்லைக்குள்ள அடங்கேல்லையாம். எங்கட ஊரின்ர சீவியம் அவருக்குச் சொல்லெல்லைக்குள்ள அடங்கேல்லை! நான் அண்டைக்குச் சொன்ன சில சொல்லுகளைப் பத்திரிகையில எழுதேலாது. அம்மாவே குசினிக்குள்ள இருந்து எட்டிப் பாத்தவ.

அந்த இரவு அந்தக் கட்டுரையை முதல் பக்கத்தில இருந்து கடைசி மட்டும் வாசிச்சன். முடிவில சின்ன எழுத்தில ரெண்டு வசனம். ஒண்டு, இந்த முடிவுகளால நன்மை அடையிற எவரோடும் எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை எண்டு கட்டுரையாளர் எல்லாரும் அறிவிக்கினமாம். மற்றது, கட்டுரையாளர் எல்லாரும் இறுதிப் பிரதியை வாசிச்சு ஒப்புதல் குடுத்திட்டினமாம். எல்லாரும் எண்டால் நானும் சேத்தி. நான் கண்ணால காணாத கட்டுரைக்கு நான் ஒப்புதல் குடுத்திருக்கிறன். நான் அறியாத காசை இல்லையெண்டு நானே சத்தியம் பண்ணியிருக்கிறன். பொய் சொன்னது அவர், ஆனால் வாய் என்ர. உதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் போச்சுது.

உடனை அந்த ஆய்விதழுக்கு எழுதினன். நடந்ததெல்லாத்தையும் எழுதினன். கன நாளைக்குப் பிறகு ஒரு பதில் வந்துது, உங்கட அக்கறைக்கு நன்றி எண்டு. பிறகு இன்னொண்டு, பேராசிரியரிட்ட விளக்கம் கேட்டிருக்கிறம் எண்டு. அவர் என்ன விளக்கம் குடுத்தார் தெரியுமோ? நான் கள உதவியாளராம், உணர்ச்சிவசப்படுற பொம்பிளையாம், ஊரில வந்த நெருக்குதலால இப்பிடிச் சொல்லுறனாம். கட்டுரையில பேர் போடேக்க நான் ஆய்வாளர், வாய் திறந்தவுடனை நான் உதவியாளர். என்ன சுத்துமாத்துப் பாருங்கோ!

இதழ்க்காரர் அதை நம்பிச்சினம். நீங்கள் கட்டுரையாளர் எண்டால் அந்த அறிவிப்புக்கு நீங்களும் பொறுப்பு, கட்டுரையாளர் இல்லையெண்டால் இதில முறைப்பாடு செய்ய உங்களிட்ட என்ன ஆதாரம் எண்டு எழுதிச்சினம். அவர் ஒரு பெட்டிக்குள்ள சரி அடையாளம் போட்டவுடனை போதும், ஒரு கேள்வி இல்லை. என்னிட்ட மட்டும் ஆதாரமாம். எனக்கு மண்டை வெடிக்கப் பாத்துது.

ஊரிலயும் நல்லா இருக்கேல்லை. ஒருத்தரும் வந்து பேசேல்லை, அடிக்கேல்லை. ஆனால் பூசையில சமாதானம் சொல்லிக் கைகுடுக்கிற நேரம், எனக்குப் பக்கத்தில நிக்கிற மாமி மற்றப்பக்கம் திரும்பிவிடுவா. பெரியப்பா எங்கட படலையால வாறதை நிப்பாட்டிப்போட்டார். பள்ளிக்கூடத்தில ஆளாளுக்குப் புத்தி சொல்லிச்சினம், அவர் பெரிய ஆள், உமக்கேன் தேவையில்லாத வேலை, விட்டிடும் எண்டு. விடுறதோ? அந்தக் கடல் போனால் எங்கட ஊரில அரைவாசிப் பேர் கரையில நிண்டு வேலியைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அந்த வேலிக்கு என்ர பேர்தான் தடி. நான் எப்பிடி விடுறது?

ஒருநாள் எனக்கு ஒரு யோசனை வந்துது. எல்லாரும் வாசிச்சு ஒப்புதல் குடுத்தவை எண்டால், என்னிட்டயும் கேட்டிருக்கவேணுமே? எந்த முகவரிக்குக் கேட்டனீங்கள் எண்டு இதழுக்கு எழுதினன். இந்தமுறை வேறொரு இதழாசிரியர் பதில் போட்டார். ஆணோ பெண்ணோ, எந்த நாடோ எனக்குத் தெரியாது, ஆனால் மனுசத்தன்மை இருந்துது. தாங்கள் அனுப்பின மின்னஞ்சல் முகவரியை அப்பிடியே எழுதியிருந்தார். என்ர பேரில ஒரு முகவரி. நான் பிறந்து கண்டறியாத முகவரி! அதில இருந்து, ஓம், வாசிச்சனான், சம்மதம் எண்டு பதிலும் போயிருக்கு. என்ர பேரில ஆரோ இருந்து எனக்காகச் சம்மதம் சொல்லியிருக்கினம். நான் சிரிச்சன். உண்மையாச் சிரிச்சன். கோபம் அளவுக்கு மிஞ்சினால் சிரிப்புத்தான் வரும்போல.

அதுக்குப் பிறகுதான் அவை அசைஞ்சினம். ஆனால் ஆமை அசையிற மாதிரி. கடைசியில ஒரு திருத்தம் போட்டிச்சினம். அந்த ஆய்வுக்குக் கம்பனி நிதி தந்தது, தகவல் சேகரிப்பில கம்பனி ஊழியர் ஒருவர் கலந்துகொண்டார், மூன்றாவது கட்டுரையாளரின் பெயர் அவரது அனுமதியில்லாமல் சேர்க்கப்பட்டதால் நீக்கப்படுகிறது. அவ்வளவுதான். வேற ஒரு பக்கத்தில, ஒரு மூலையில. கட்டுரை இருந்த இடத்திலயே இருக்கு. ஒருத்தரும் தொழில் செய்யாத கடல் எண்ட பேய்க்கதையும் அதுக்குள்ள அப்பிடியே இருக்கு. அதைக் கேட்டால், அது விஞ்ஞான விவாதமாம், நீங்கள் ஒரு மறுப்புக் கட்டுரை எழுதலாம், பிரசுரிக்கக் கட்டணம் உண்டு எண்டிச்சினம். பொய்யை வித்தவன்தான் உண்மைக்கும் விலை கேக்கிறான்!

நான் அந்தத் திருத்தத்தை அச்செடுத்துக்கொண்டு, பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, கந்தோருக்குப் போனன். அனுமதிக் கோப்பு அங்கதான் இருந்துது. அந்தக் கட்டுரைதான் மேல கிடக்குது, என்ர பேரோட. மேசையில இருந்த கிளாக்கர்த் தம்பி நல்ல மாதிரித்தான் கதைச்சார். தாங்கோ அக்கா, பின்னுக்குச் சேத்துவிடுறன் எண்டார். பின்னுக்கு ஏலாது, முன்னுக்குக் குத்தும் எண்டன். அப்பிடி வழக்கமில்லை எண்டார். பொய் முன்னுக்கு வரேக்க வழக்கம் இருந்ததோ எண்டு கேட்டன். பிறகு, இது ஆங்கிலத்தில எல்லே கிடக்கு எண்டார். கந்தோரில நிண்ட சனம் எல்லாத்துக்கும் கேக்க, நான் வசனம் வசனமாத் தமிழில சொன்னன். ஓய்வூதியத்துக்கு வந்த ஒரு ஐயா, காணி அலுவலுக்கு வந்த ரெண்டு பொம்பிளையள், எல்லாரும் வேலையை விட்டிட்டுக் கேக்கினம். அந்தத் தம்பி ஸ்ரேப்பிளரை எடுத்தார். முன்பக்கத்தில, என்ர பேருக்கு மேல, டக்கெண்டு ஒரு அடி. அந்தச் சத்தத்தைக் கேட்டுப்போட்டுத்தான் வீட்டை வந்தனான்.

கோப்பு மறுபடி விசாரிக்கச் சொல்லித் திரும்பிப் போச்சுது. கம்பனி முழுசா விட்டிட்டுது எண்டு சொல்லேலாது. வேலித் தடியள் இன்னும் கரையில அடுக்கிக் கிடக்குது, பூசைக்குப் போகேக்க ஒவ்வொரு ஞாயிறும் பாத்துக்கொண்டுதான் போறன். சேர் இப்பவும் பேராசிரியர்தான். போன மாசம் ஏதோ மாநாட்டில மாலையோட நிக்கிற படம் கண்டனான். ஆனால் இந்த வருஷச் சீட்டில கோயிலுக்கு முன் பாடுகள் எல்லாம் விழுந்து, தடி நட்டு, வலை கட்டியாச்சுது.

அந்தச் சீட்டுக் குலுக்கலுக்கு அடுத்த நாள் பெரியப்பா படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில நண்டு. அம்மாவிட்டக் குடுத்திட்டு முற்றத்துக் கதிரையில இருந்தார். எனக்குப் பொறுக்கேல்லை, கேட்டே விட்டன். என்னைக் கேட்டனீங்கள் சரி, அந்தச் சேர் ஆராய்ச்சிக்கு வந்த அண்டைக்கு அவரிட்ட ஏன் ஒருத்தரும் அந்த மூண்டு கேள்வியைக் கேக்கேல்லை? நீங்களும்தானே அவரோட இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள்?

அவர் படிச்ச மனுசன் எண்டு விட்டிட்டன் பிள்ளை எண்டார். நானும்தானே படிச்சனான் எண்டன். "நீ எங்கட பிள்ளை" எண்டார்.

எனக்கு அவரோட இருந்த கோபம் அதோட போச்சுது, ஆனால் மற்றக் கோபம் கூடிச்சுது. அந்த ஆய்விதழ்க்காரரும் இதே பிழையைத்தானே விட்டவை? பெரிய ஆளின்ர சொல்லை அப்பிடியே எடுத்தவை, சின்ன ஆளிட்ட ஆதாரம் கேட்டவை. எங்கட ஊர் மண்டபத்துக்கும் அந்தப் பெரிய இதழுக்கும் இந்த விசயத்தில ஒரு வித்தியாசமும் இல்லை. கேள்வி எல்லாரிட்டயும் இருக்கு. ஆரைக் கேக்கிறது எண்டதிலதான் கோட்டை விடுறம்.

போன கிழமை வேறொரு பல்கலைக்கழகத்தில இருந்து ஒரு பிள்ளை வந்துது. பரவைக்கடலைப் பற்றித்தான், கேள்வித்தாளும் கையுமா. நல்ல முகம். வெயிலுக்குள்ளால வந்து களைச்சுப் போய் நிக்குது. நான் கதிரையை இழுத்துப் போடப் போனன். அம்மா கதிரையின்ர முதுகைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை.

"குறை நினையாதை பிள்ளை. வலை ஆற்றை? காசு ஆற்றை? பங்கு ஆருக்கு?"

அந்தப் பிள்ளை முழிச்சுது. நான் விளங்கப்படுத்தினன். கொஞ்சம் யோசிச்சுப்போட்டு ஒழுங்காச் சொல்லிச்சுது: கேள்வித்தாள் தானும் தன்ர மேற்பார்வையாளரும் சேந்து செய்தது, காசு பல்கலைக்கழகத்தின்ர, ஒரு கம்பனியும் இல்லை, பட்டம் கிடைச்சால் அது தனக்கு. எழுதின பிறகு ஒரு பிரதி கொண்டுவந்து மண்டபத்தில வாசிச்சுக் காட்டுறன் எண்டும் சொல்லிச்சுது, அதை நாங்கள் கேக்கவுமில்லை. அம்மா கதிரையை விட்டா. அதுக்குப் பிறகுதான் குசினியில நண்டு கொதிச்சுது.

வந்தவரைக் கேள்வி கேக்கிறது மரியாதையில்லை எண்டு நினைச்ச எங்கட வீட்டில இப்ப பதில் வந்த பிறகுதான் கதிரை. அண்டைக்கும் அப்பிடிக் கேட்டிருந்தால் எங்கட கடலை ஒருத்தரும் என்ர பேராலயே வெறுங்கடல் எண்டு எழுதியிருக்கேலாது எண்ட கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறேல்லை, ஆறவும் வேண்டாம்.